கோழியின் இசட், சின்னானின் இசட்: மடிக்கணினியில் ஒரு மரபணு ஒப்பீடு

லவ்பேர்ட் குஞ்சைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. அதனால்தான் பினாங்கில் பறவை வளர்ப்பவர்கள் நாலு இறகைப் பிடுங்கி உறையில் போட்டு டிஎன்ஏ சோதனைக்கு அனுப்புகிறார்கள். அந்தச் சோதனை பெரும்பாலும் பார்ப்பது சிஎச்டி1 என்ற ஒரே ஒரு மரபணுவைத்தான். கிளியோ புறாவோ மைனாவோ, எதை அனுப்பினாலும் அதே மரபணு, அநேகமாக அதே சோதனை. ஒரு பறவையின் பாலினக் குரோமோசோமில் இருக்கும் மரபணு இன்னொரு பறவையிலும் அதே குரோமோசோமில் இருக்கும் என்ற துணிச்சல் எங்கிருந்து வந்தது? அதைத் தேடிப் போகும் வேலைக்குப் பெயர்தான் ஒப்பீட்டு மரபணு வரைபடம். ஆய்வகம் வேண்டாம், நிதி வேண்டாம். இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருக்கும் மாணவருக்கும், படிவம் ஆறு முடித்துவிட்டு உயிரியலில் கை வைத்துப் பார்க்க நினைப்பவருக்கும் ஒரு மடிக்கணினியும் வைஃபையும் போதும்.

முன்னறிவு கொஞ்சம். மனிதரில் ஆண்தான் இரு வகைக் குரோமோசோம் உடையவன், எக்ஸ்-வை. பறவையில் நேர்மாறு: சேவலுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. கோழியின் 78 குரோமோசோம்களில் இசட் ஐந்தாவது பெரியது, 80 மில்லியன் டிஎன்ஏ எழுத்துகளுக்கு மேல் நீளம். அதில் ஏறத்தாழ ஆயிரம் மரபணுக்கள். டபிள்யூ சிறியது, திரும்பத் திரும்ப வரும் சரங்களால் நிரம்பியது. ஒரு காலத்தில் இசட்டும் டபிள்யூவும் சாதாரண ஜோடிதான். பிறகு டபிள்யூ ஏறக்குறைய எல்லாவற்றையும் இழந்துவிட்டது. மிஞ்சிய மரபணுக்கள் சில பத்துகள்தான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரும் எல்லாப் படியும் இதைச் சுற்றித்தான். இசட்டில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்பது பறவைக்குப் பறவை அதிகம் மாறாது. எந்த வரிசையில் குடியிருக்கிறார்கள் என்பது ஏகமாக மாறும். அதே தெரு, அதே குடும்பங்கள், வீட்டு எண்கள் மட்டும் கலைத்துப் போடப்பட்டவை. ஆகவே மரபணு இசட்டில் இருக்கிறது என்று கண்டவுடன் கணினியை மூடிவிடாதீர்கள்.

கேள்வியைச் சுருக்குங்கள்

“பறவைகளின் பாலினக் குரோமோசோம் பரிணாமம்” என்று தலைப்பு வைத்தால் மேற்பார்வையாளர் புன்னகைப்பார், நீங்கள் ஆறு மாதம் அழுவீர்கள். இரண்டு பறவை, ஒரு வெளி உயிரி, ஒரு கேள்வி. தொடங்குபவருக்கு நான் சொல்வது: கோழி, வரிக்குருவி எனப்படும் ஸீப்ரா ஃபின்ச், மனிதர். கேள்வி: கோழியின் இசட் மரபணுக்கள் மற்ற இரண்டிலும் எங்கே இருக்கின்றன, எந்த வரிசையில்?

கோழியைத் தேர்ந்தெடுக்க நல்ல காரணம் உண்டு. முழு ஜீனோம், அதாவது மொத்த டிஎன்ஏ எழுத்து வரிசை, வெளியான முதல் பறவை அதுதான், 2004-இல். அந்த மாதிரி பண்ணைக் கோழி அல்ல, சிவப்புக் காட்டுக்கோழி. நம் நாட்டுக் காடுகளிலும் செம்பனைத் தோட்ட ஓரங்களிலும் திரியும் ஆயாம் ஹுத்தானின் இனம். வரிக்குருவியின் ஜீனோம் 2010-இல் வந்தது. மனிதரைச் சேர்ப்பதற்குக் காரணம் 1999-இல் இந்திரஜித் நந்தாவும் சகாக்களும் வெளியிட்ட முடிவு: கோழியின் இசட்டில் இருக்கும் மரபணுக் கூட்டம் மனிதரின் 9-ஆம் குரோமோசோமில் கூட்டமாகவே இருக்கிறது. எக்ஸில் இல்லை. பறவையின் பாலினக் குரோமோசோமும் நம்முடையதும் வெவ்வேறு சாதாரணக் குரோமோசோம்களிலிருந்து தனித்தனியாக உருவானவை என்பதற்கு இது கண்ணெதிரே உள்ள சாட்சி.

பட்டியலை இறக்குங்கள்

பல உயிரிகளின் ஜீனோம்களை இலவசமாகத் தரும் என்செம்பிள் தளத்தில், மரபணுப் பட்டியல்களை இறக்கிக்கொள்ள பயோமார்ட் என்றொரு பகுதி இருக்கிறது. தரவுத்தொகுதியாகக் கோழியின் மரபணுக்களைத் தேர்ந்தெடுங்கள். வடிகட்டியில் குரோமோசோம் இசட் மட்டும். எந்தத் தகவல் வேண்டும் என்று கேட்கும் இடத்தில் ஹோமோலாக் (வேறு உயிரியில் உள்ள இணை மரபணு) பக்கத்துக்குப் போய், கோழிக்கு மரபணு எண், பெயர், தொடக்க இடம், இழை (டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் எது) ஆகியவற்றையும், வரிக்குருவிக்கும் மனிதருக்கும் குரோமோசோம் பெயர், தொடக்க இடம், உறவு வகை ஆகியவற்றையும் குறியிடுங்கள். கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான், தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

உறவு வகைப் பத்தியில் ஒன்றுக்கு ஒன்று என்று வருபவற்றை மட்டும் முதல் சுற்றில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குப் பல, பலவற்றுக்குப் பல என்பவற்றைத் தனித் தாளுக்கு மாற்றுங்கள், அழிக்காதீர்கள். கோழி இசட்டின் ஒரு முனைக்கு அருகே விந்தகத்தில் வேலை செய்யும் சில மரபணுக் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் பெருகி அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அவை முதல் சுற்றில் வரைபடத்தைக் குப்பையாக்கும். இரண்டாம் சுற்றில் அவையே தனி அத்தியாயமாகலாம்.

கோப்பைத் திறந்ததும் இரண்டு பத்திகளை நீங்களே சேருங்கள். ஒன்று, எந்தத் தொகுப்பு, அதாவது அந்த ஜீனோம் அசெம்பிளியின் முழுப் பெயரும் எண்ணும். இரண்டு, அந்தத் தொகுப்புக்கு மாதிரி கொடுத்த பறவை ஆணா பெண்ணா. முதலாவதைப் பலர் எழுதுகிறார்கள். இரண்டாவதை அநேகமாக யாரும் எழுதுவதில்லை. பாலினக் குரோமோசோம் ஆய்வில் அது எனக்குப் புரியாத அலட்சியம்.

எக்செல் பற்றி ஒரு வரி. மார்ச், செப்டம்பர் மாதங்களின் சுருக்கம் போலத் தோன்றும் மரபணுப் பெயர்களை அது தேதியாக மாற்றிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல் 2020-இல் மனித மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். பெயர்ப் பத்தியைத் திறக்கும்போதே உரை வடிவம் என்று குறித்துவிடுங்கள். தேடுவதற்குப் பெயரைவிட என்செம்பிள் எண்ணை நம்புங்கள்.

மாதிரி ஆணா, பெண்ணா?

2004-இல் கோழிக்கு எடுத்தது ஒரு பெட்டையின் டிஎன்ஏ. பெட்டையில் இசட் ஒன்றுதான், டபிள்யூவும் ஒன்றுதான். மற்ற குரோமோசோம்கள் இரண்டிரண்டு. எனவே எழுத்துகளைப் படிக்கும்போது இசட்டுக்கும் டபிள்யூவுக்கும் கிடைத்த வாசிப்பு பாதி. தொடக்ககாலத் தொகுப்புகளில் இசட் ஓட்டையும் ஒட்டுமாக இருந்ததற்கு இது முக்கியக் காரணம். 2010-இல் இசட்டை மட்டும் தனியாக எடுத்துச் சீர் செய்ய வேண்டியிருந்தது. 2010-இன் வரிக்குருவியோ ஆண். அதில் டபிள்யூவே கிடையாது. “இந்த மரபணு வரிக்குருவியின் டபிள்யூவில் இல்லை” என்று பழைய தொகுப்பை வைத்து எழுதினால், இல்லாத அலமாரியில் தேடிவிட்டுப் புத்தகம் இல்லை என்று சொன்ன கதைதான்.

ஆணின் வாசிப்பும் பெண்ணின் வாசிப்பும் இரண்டும் கிடைக்கும் இனமாக இருந்தால் இதையே கருவியாக்கலாம். இரண்டையும் ஒரே தொகுப்பின் மேல் பொருத்தி, ஒவ்வொரு துண்டிலும் வாசிப்பு ஆழத்தை, அதாவது ஓரிடம் எத்தனை முறை படிக்கப்பட்டது என்பதை, ஒப்பிடுங்கள். சாதாரணக் குரோமோசோமில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமம். இசட்டில் பெண்ணுக்குப் பாதி. டபிள்யூவில் ஆணுக்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை. இசட் என்று பெயர் எழுதியிருந்தும் இருபாலுக்கும் சமமாக வருகிற பகுதி இருந்தால், அங்கே இசட்டும் டபிள்யூவும் இன்னும் பிரியவில்லை என்று பொருள். கோழியில் அப்படிப்பட்ட பகுதி மிகச் சிறியது. ஈமுவில் இசட்டின் பாதிக்கும் மேல் அப்படித்தான்.

இரட்டையர் தொல்லை

புதியவர் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

சிஎச்டி1-க்கு இசட்டில் ஒரு பிரதி, டபிள்யூவில் ஒரு பிரதி. இரண்டும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை. குரோமோசோம்கள் பிரிந்தபோது பிரிந்தவை. இப்படிப்பட்ட ஜோடிக்குக் கேமிட்டோலாக் என்று பெயர். இப்போது நீங்கள் கோழியின் சிஎச்டி1 வரிசையை எடுத்து வேறொரு பறவையின் ஜீனோமில் பிளாஸ்ட் (ஒத்த வரிசையைத் தேடும் மென்பொருள்) போட்டால் இரண்டு விடைகள் வரும், இரண்டும் நல்ல மதிப்பெண்ணோடு. எது இசட்டில் இருக்க வேண்டியது? மதிப்பெண் கூடியதை எடுத்துக்கொண்டு போகத் தோன்றும். போகாதீர்கள். இசட் பிரதி அந்தத் தொகுப்பில் உடைந்து கிடந்து டபிள்யூ பிரதி முழுதாக இருந்தால் டபிள்யூதான் முதலில் வரும். ஆண் மாதிரியானால் ஒன்றே ஒன்று வரும், நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள், அது நியாயமான நிம்மதி. பெண் மாதிரியில் தொகுப்பு மென்பொருள் இரண்டையும் ஒன்றாகப் பிசைந்து ஒரே மரபணுவாகக் காட்டும் வாய்ப்பும் உண்டு.

சரிபார்க்க மூன்று வழி. முதலாவது, திருப்பித் தேடுவது. அந்தப் பறவையில் கிடைத்த வரிசையை எடுத்துக் கோழிக்குள் மறுபடி பிளாஸ்ட் போடுங்கள். புறப்பட்ட இசட் பிரதிக்கே வந்து சேர வேண்டும். இரண்டாவது, மரபணுவுக்குள் இடையே வரும், புரதம் செய்யாத துண்டுகளான இன்ட்ரான்களைப் பார்ப்பது. புரதம் செய்யும் பகுதிகள் இசட்டிலும் டபிள்யூவிலும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும், இன்ட்ரான்கள் நீளத்திலும் எழுத்திலும் விலகிப்போயிருக்கும். மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது, அக்கம்பக்கம் பார்ப்பது. இருபுறமும் ஐந்தைந்து மரபணுக்கள் கோழியின் இசட் ஆட்களாக இருந்தால் அது இசட் பிரதி. அக்கம்பக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் சரங்களே மண்டிக்கிடந்தால் டபிள்யூ என்று சந்தேகப்படுங்கள்.

ஹின்ட் மரபணு இன்னும் மோசம். இசட்டில் ஒன்று, கோழியின் டபிள்யூவில் அதன் உருமாறிய பிரதிகள் பத்துக்கணக்கில். முதல் சுற்றில் அதைத் தொடாமல் விடுவதே புத்தி.

ஒரு மூலையைக் கையால் செய்து பாருங்கள்

ஆயிரம் வரியைக் கணினிக்கு விடும் முன் ஆறு மரபணுவைக் கையால் செய்தால்தான் வேலை உறைக்கும். மனிதரின் 9-ஆம் குரோமோசோமின் குட்டைக் கை (குரோமோசோமின் இரு பக்கங்களில் சிறியது) நுனிக்குப் போங்கள். நுனியிலிருந்து உள்ளே வரும்போது வரிசை இது: கேங்க்1, டிஎம்ஆர்டி1, டிஎம்ஆர்டி3, டிஎம்ஆர்டி2, ஸ்மார்கா2, விஎல்டிஎல்ஆர். ஆறும் மூன்று மில்லியன் எழுத்துக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றாகக் கோழியில் தேடுங்கள். ஆறும் இசட்டில் கிடைக்கும். டிஎம்ஆர்டி மூன்றும் அங்கேயும் ஒட்டிக்கொண்டே நிற்கும். தொடக்க இடத்தையும் இழையையும் தாளில் எழுதுங்கள். முழு வரிசையும் தலைகீழாக வந்தால் பதறாதீர்கள்: குரோமோசோமை எந்த முனையிலிருந்து எண்ணுவது என்பது நாம் வைத்த வழக்கம்தானே. வரிசைக்குள் இரண்டு பேர் மட்டும் இடம் மாறியிருந்தால்தான் செய்தி.

இந்த மூலையைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. டிஎம்ஆர்டி1-தான் கோழியில் ஆணாவதைத் தீர்மானிக்கும் மரபணு. சேவலுக்கு இரண்டு பிரதி, பெட்டைக்கு ஒன்று. டபிள்யூவில் அது இல்லை. 2009-இல் அதன் வெளிப்பாட்டைக் கருவிலேயே குறைத்தபோது ஆண் கருக்களின் பாலுறுப்புச் சுரப்பி பெண் தன்மைக்குத் திரும்பியது. மனிதரில் அது 9-இல் இரு பாலுக்கும் இரண்டிரண்டாக இருந்தாலும், அந்த நுனி அறுந்துபோனவர்களில் விந்தக வளர்ச்சி தடைபடுவதுண்டு. முட்டையிடும் பாலூட்டியான பிளாட்டிபஸுக்கு எக்ஸ் மட்டுமே ஐந்து. அவற்றில் ஒன்றில் இதே டிஎம்ஆர்டி1 உட்கார்ந்திருக்கிறது.

இதே முறையில் இன்னொரு மூலை: ஜிஎச்ஆர், பிஆர்எல்ஆர், எஸ்எல்சி45ஏ2. மனிதரில் மூன்றும் 5-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில், கோழியில் மூன்றும் இசட்டில். கோழி வளர்ப்பவருக்கு இவை பழக்கமான ஆட்கள், பெயர்தான் புதிது. ஜிஎச்ஆர் கெட்டால் பாலினம் சார்ந்த குள்ளக் கோழி. பிஆர்எல்ஆர் இருக்கும் இடத்தில் ஒரு பகுதி இரட்டித்தால் இறகு தாமதமாக முளைக்கும் குஞ்சு. குஞ்சுப் பொரிப்பகத்தில் சிறகைப் பார்த்தே ஆண் பெண் பிரிப்பது இதை வைத்துத்தான். எஸ்எல்சி45ஏ2 வெள்ளி நிறத்துக்கும் பொன்னிறத்துக்கும். வரிவரியான இறகின் மரபணுவும், சிடிகேஎன்2ஏ, இசட்டில்தான். அதன் பாலினம் சார்ந்த மரபை ஸ்பில்மன் என்ற ஆய்வாளர் 1908-லேயே எழுதிவிட்டார். கோழிக்கு முதல் மரபணு வரைபடத்தை 1936-இல் மரபியலாளர் ஹட் வெளியிட்டபோது டிஎன்ஏ வரிசை என்ற பேச்சே கிடையாது. சேவலையும் பெட்டையையும் சேர்த்துக் குஞ்சுகளை எண்ணியே செய்தார்கள்.

வரைவது

எக்செலில் புள்ளி வரைபடம் போதும். கிடை அச்சில் கோழி இசட்டின் இடம், நிலை அச்சில் வரிக்குருவி இசட்டின் இடம், மரபணு ஒன்றுக்கு ஒரு புள்ளி. வரிசை அப்படியே இருந்தால் புள்ளிகள் ஒரே சாய்கோடாக ஏறும். ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பியிருந்தால் அங்கே மட்டும் கோடு எதிர்ப்பக்கம் சாயும். கோழிக்கும் வரிக்குருவிக்கும் வரைந்தால் ஏறுவதும் இறங்குவதுமாகத் துண்டுத் துண்டுக் கோடுகள் வரும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், அதுதான் விடை. கிட்டத்தட்ட எல்லாப் புள்ளிகளும் இசட்டுக்குள்ளேயே இருக்கும், வரிசை மட்டும் பலமுறை புரண்டிருக்கும்.

மனிதருக்கு வரையும்போது குரோமோசோமுக்கு ஒரு நிறம் கொடுங்கள். 9-உம் 5-உம் பெரும்பங்கு எடுத்துக்கொள்ளும், 18-இலிருந்தும் ஒரு கூட்டம் வரும், மிச்சம் அங்கொன்றும் இங்கொன்றும். ஒற்றைப் புள்ளியாகத் தூரத்தில் நிற்பவற்றில் பல தரவுப் பிழையாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மேலே சொன்ன அக்கம்பக்கச் சோதனையைச் செய்யாமல் “இடம்பெயர்ந்தது” என்று எழுதாதீர்கள்.

புரண்டது கோழியா, வரிக்குருவியா? இரண்டை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. மூன்றாவது ஒரு பறவை சாட்சிக்கு வேண்டும். ஈமுவோ நெருப்புக்கோழியோ நல்லது, ஏனெனில் அவை மற்றப் பறவைகளிலிருந்து வெகு முன்பே பிரிந்தவை. பறவைக்கு வெளியே போக வேண்டுமென்றால் அனோல் பல்லியின் 2-ஆம் குரோமோசோமில் கோழி இசட்டின் மரபணுக்கள் திரளாக இருக்கின்றன. பாம்புக்கும் இசட்-டபிள்யூ உண்டே என்று அதைச் சேர்த்துவிடாதீர்கள். பாம்பின் இசட் கோழியின் 2-க்கும் 27-க்கும் உறவு, கோழியின் இசட்டுக்கு அல்ல.

நம் வாசல் பறவைகளுக்கு ஒரு விதிவிலக்கு

தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவில் நடந்தால் அதிகம் கண்ணில் படுவது மெர்பா காப்பூர், மஞ்சள் அடிவாலுள்ள சின்னான். தையல்சிட்டும் அங்கே புதருக்குள் கத்திக்கொண்டிருக்கும். இரண்டும் கதிர்க்குருவிகள், தகைவிலான்கள் அடங்கிய பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்துக்கே பொதுவாக ஒரு விசித்திரம் உண்டு. வரிக்குருவியில் 4ஏ என்று தனியாக நிற்கும் குரோமோசோமின் ஒரு பகுதி இவற்றில் பாலினக் குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எனவே கோழி இசட்டின் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு சின்னானுக்குப் போனால் அதன் பாலினக் குரோமோசோமில் ஒரு துண்டு உங்கள் கண்ணிலேயே படாது.

கோழியில் 4ஏ தனியாக இல்லை; 4-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையாக இணைந்து கிடக்கிறது. பயோமார்ட்டில் அந்தக் கையின் மரபணுக்களையும் சேர்த்து இறக்குங்கள். மனிதரில் அவை எங்கே வருகின்றன என்று அப்படியே பாருங்கள். பெரும்பாலும் எக்ஸில். பறவைக்கும் மனிதருக்கும் பாலினக் குரோமோசோம் தனித்தனியாக உருவானது என்று மேலே சொன்னேன். ஆனால் நம் எக்ஸாக மாறிய பழைய பகுதியிலிருந்தே ஒரு துண்டு பின்னாளில் சின்னானின் இசட்டில் போய்ச் சேர்ந்திருக்கிறது. பினாங்கு மாணவர் ஒருவர் இந்த ஊர்ப் பறவையை வைத்தே எழுதத்தக்க கேள்வி இது. காகம், மைனா, குண்டுக்கரிச்சான் மூன்றும் அந்தக் குடும்பத்தில் இல்லை. அவற்றை ஒப்பீட்டுக்கு எதிர்ப்பக்கம் வைக்கலாம்.

கையை நனைக்க வேண்டுமானால்

வரைபடம் கணினியில் முடிந்தபின் ஒரு மரபணுவையாவது நிஜப் பறவையில் சோதிப்பது நல்லது. காட்டுப் பறவையில் தொடங்காதீர்கள். 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் அனுமதி கேட்க வேண்டும். உயிரியல் வளங்களை ஆய்வுக்கு எடுப்பதற்கு 2017-ஆம் ஆண்டின் இன்னொரு சட்டமும் உண்டு. விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தனி. இவற்றை மேற்பார்வையாளர் வழியாக முதல் மாதத்திலேயே தொடங்குங்கள், தாள்கள் நகர நாளாகும்.

நாட்டுக்கோழியில் தொடங்குவது எளிது. சுங்கை பக்காப், நிபோங் திபால் பக்கம் கோழி வளர்க்கும் வீடுகளுக்குப் போய், “அண்ணே, சேவல்லயும் பெட்டையிலயும் ரெண்டு ரெண்டு இறகு எடுத்துக்கலாமா, படிப்புக்கு” என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். உதிர்ந்த இறகு வேண்டாம், யாருடையது என்று தெரியாது. தோலுக்குள் இருந்த அடிக்குருத்துதான் தேவை, டிஎன்ஏ அங்கேதான். உறையில் போடும்போதே பறவையின் பாலினத்தையும் தேதியையும் எழுதிவிடுங்கள். ஒரு சொட்டு இரத்தம் கிடைத்தால் தாராளம், பறவையின் சிவப்பணுவில் உட்கரு இருப்பதால். ஆனால் ஊசியைப் பயிற்சி பெற்றவர்தான் பிடிக்க வேண்டும்.

சிஎச்டி1-இன் ஒரு துண்டைப் பிசிஆர் முறையில் நகலெடுத்துப் பெருக்க இரண்டு பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டு) ஜோடிகள் பரவலாகப் புழங்குகின்றன. 1998-இல் கிரிஃபித்ஸ் குழு வெளியிட்டது பி2, பி8 என்ற ஜோடி. அது சிறிய இன்ட்ரானைப் பெருக்கும், ஜெல்லில் தெரியும் இசட் பட்டைக்கும் டபிள்யூ பட்டைக்கும் இடைவெளி குறைவு. 1999-இல் ஃபிரிடோல்ஃப்சனும் எல்லெக்ரெனும் தந்த ஜோடி நீளமான இன்ட்ரானைப் பெருக்கும். சாதாரண அகரோஸ் ஜெல்லிலேயே வித்தியாசம் தெரியும். கோழிக்கு முதலில் அதைப் போடுங்கள். சேவலுக்கு ஒரு பட்டை, பெட்டைக்கு இரண்டு. பெட்டை என்று எழுதிய உறையில் ஒரே பட்டை வந்தால் உடனே சேவல் என்று தீர்ப்பெழுதாமல் மறுபடி ஓட்டுங்கள், ஒரு பட்டை பெருகாமல் நின்றிருக்கலாம். ஒவ்வொரு ஜெல்லிலும் பாலினம் உறுதியாகத் தெரிந்த ஒரு சேவலும் ஒரு பெட்டையும் இருக்கட்டும். ஈமுவின் இறகு கிடைத்தது என்று அதையும் இதே ஜெல்லில் ஏற்ற வேண்டாம். அங்கே இந்த இன்ட்ரான் இசட்டிலும் டபிள்யூவிலும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றுபோல இருப்பதால், ஆண் பெண் இரண்டுக்கும் ஒரே பட்டைதான் வரும்.